இருட்டுக்கு வாங்கிய லென்ஸ்

மாடிப்படிக்கு அடியில் பூனை குட்டி போட்டதும், ஆணியில் தொங்கித் தொங்கி அலுத்துப்போயிருந்த கேமராவுக்கு உயிர் வந்தது. பரஞ்சோதி அதை எடுத்து ஒரு தரம் கண்ணில் வைத்துப் பார்த்தான். "இந்த லென்சுக்கு இங்கே வெளிச்சம் பத்தாது" என்று திரும்பவும் மாட்டிவிட்டான்.

அதிலிருந்து புது லென்ஸ் தேடி ஃபோனும் கையுமாகவே இருந்தான். லென்ஸ் நம்பர் குறையக் குறைய இருட்டில் நன்றாக எடுக்குமாம். ஐம்பது எம்.எம். லென்ஸில் 1.8 போதுமா, 1.4 வேண்டுமா என்று ஊரெல்லாம் கேட்டான்.

"ஏம்ப்பா, உன் ஆளு எப்ப வருவான்? பிள்ளைங்க கண்ணு முழிச்சாச்சு" என்றது பூனை.

"லென்ஸ் பார்க்கிறான்" என்றது கேமரா.

"பிள்ளைங்க ஓடவே ஆரம்பிச்சாச்சு."

"இன்னும் பார்க்கிறான்."

அப்புறம் பூனை கேட்பதையே விட்டுவிட்டது. குட்டிகள் ஒவ்வொன்றாக மதிலேறிப் போய்விட்டன.

ஒருவழியாக 1.4 வந்து சேர்ந்தது. அகலக் கண்ணை உருட்டிக்கொண்டு, "எங்கே அந்த இருட்டு?" என்று துடித்தது. படிக்கு அடியில் வெறும் சாக்குதான் கிடந்தது.

பரஞ்சோதி புது லென்ஸை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், உச்சி வெயிலில் கைப்பிடிச்சுவர் மேல் வைத்தான். பழைய லென்ஸாலேயே அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான்.

"என்னை எதுக்குத்தான் வாங்கினான்?" என்று கண் கூசக் கேட்டது புது லென்ஸ்.

"மூடியைப் போட்டுக்கிட்டுத் தூங்கு" என்றது கேமரா. "1.2-ன்னு ஒண்ணு இருக்காம். விசாரிச்சுக்கிட்டு இருக்கான்."