காலி வண்டியில் ஒரு பாட்டு

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களைப் பற்றித் தன் முதல் ஆவணப்படத்தை எடுக்க வாய்ப்புக் கேட்டு, தயாரிப்பாளர்கள் முன் பேசி முடித்த ஒலிப்பதிவாளரான ஒரு பெண், வராந்தாவுக்கு ஓடிவந்து அக்காவுக்கு போன் போட்டாள்.

“சொதப்பிட்டேன்க்கா! ‘சமூக அவசியம்’னு என்னென்னமோ உளறினேன். நோயாளியை இறக்கிவிட்டுட்டு, காலி வண்டியில திரும்புறப்போ அந்த டிரைவர் சத்தமா பாடுவாரே, அதைச் சொல்லவே இல்ல. அதுதானே படமே!”

“உள்ள போய்ச் சொல்லுடி.”

“அங்க ஒரு மீசைக்காரர் கொட்டாவி விடுறாரு. அவர்கிட்ட யாரு பேசுறது?”

கதவைத் திறந்துகொண்டு மீசைக்காரரே வந்தார்.

“படத்தை நாங்க தயாரிக்கிறோம்மா. அந்தப் பாட்டுல இருந்தே ஆரம்பிங்க.”

“எந்தப் பாட்டு சார்?”

அவர் அவளுடைய காலரைக் காட்டினார். ஊரார் சட்டையிலிருந்தெல்லாம் மறக்காமல் மைக்கைக் கழற்றுகிறவள், தன்னுடையதை மறந்திருந்தாள்.

அவசரமாக அதைக் கழற்றினாள்.

“கொட்டாவி விஷயமும் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு,” என்றார் அவர். “இனிமே விடமாட்டேன்.”