பூஞ்சண மாத்திரை

"அன்னாள், நீயே இமையைத் தூக்கு. டார்ச்சும் நீயே அடி."

டாக்டர் குர்ஷித் பேகத்தின் குரல் கட்டிலுக்கு எட்டத்திலிருந்து வந்தது. ஆண்டிச்சாமிக்குச் சுருக்கென்றது. நாகல் நகரில் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்த நாளிலிருந்து டாக்டரம்மாவின் விரல் அவன்மேல் பட்டதே இல்லை. கட்டுப் போடுவது, சொட்டு மருந்து விடுவது எல்லாம் நர்ஸ் அன்னாள்தான்.

ஆண்டிச்சாமி தோல் பதனிடும் ஷாப்பில் தோல் அலசுகிறவன். கண்ணுக்குள் வீக்கம் கண்டு, இரண்டு கண்ணும் செக்கச் சிவந்து, கடைசியில் பகலும் இருட்டாகிப் போனது. தலைப்பிள்ளை பிறந்த சேதி வந்தும் முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. சொட்டு மருந்துக்குக் கேட்காமல் போகவே, டாக்டரம்மா ஒரு மாத்திரை கொடுத்தார். அந்த ஐம்பத்தொன்பதாம் வருஷத்தில் திண்டுக்கல் கடைகளில் தேடினாலும் கிடைக்காத மாத்திரை.

"வீக்கத்தை அமர்த்துற மருந்து, ஆண்டிச்சாமி. பூஞ்சணத்தை வச்சுப் பண்றாங்க."

"பூஞ்சணமா? மழைக்காலத்துல அது தோல்ல பூத்துச்சுன்னா மொதலாளி எங்க தோலை உரிச்சுப்புடுவாரு தாயி!"

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அதுலயே ஒரு வகை. இந்த மருந்து பண்ண மனுஷன் மெனக்கெட்டுச் செய்யிற வேலையை அது சுளுவா முடிச்சுக் கொடுக்குதாம். முழுங்குங்க."

நல்ல மனசுக்காரியின் சிரிப்புதான். பிறகு ஏன் இந்த ஒதுக்கம்?

அவர் போனதும் கேட்டேவிட்டான். "ஏந்தாயி, எம்மேல தோல் நாத்தம் அடிக்குதா? இல்ல, எங்க சாதி தெரிஞ்சுதான் தொட மாட்டேங்குறாகளா?"

"சும்மா இருங்கண்ணே. அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல." அன்னாள் வெடுக்கென்று எழுந்து போய்விட்டாள்.

மாத்திரை கேட்டது. குத்தல் நின்றது, நீர் வடிவதும் நின்றது. ஒரு காலையில் அன்னாள் கட்டை அவிழ்த்தாள். முதலில் ஜன்னல் வெளிச்சம். அப்புறம் அன்னாளின் வெள்ளைச் சேலை. அப்புறம், கதவோரம் முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி ஓர் அம்மாள்.

"தெரியுதா, ஆண்டிச்சாமி?" டாக்டரம்மாவின் குரல்.

"தெரியுது தாயி! எம் புள்ள மொகத்தப் பாத்துருவேன் தாயி!"

நெஞ்சில் கிடந்த குறையெல்லாம் அந்த நிமிஷமே கரைந்துபோனது. தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன? இறங்கி ஓடிப்போய் அவர் காலடியில் விழுந்தான். பதறிப்போன டாக்டரம்மா, அவனைத் தூக்கிவிட இரண்டு கையையும் நீட்டினார்.

இஞ்சிக் கிழங்காய் வீங்கி, கோணிப்போய், மடக்க முடியாத விரல்கள்.

"மூட்டுவாதம்ணே," என்றாள் அன்னாள். "நீங்க முழுங்குன மாத்திரை அம்புட்டும், இந்தக் கைக்குன்னு அவங்க மெட்ராஸ்லருந்து வரவழைச்சது."