வலது கையை நீட்டுங்கள்

"யோவ் கன்னியப்பா, என்னைப் பாருய்யா! நான் இங்க தொண்டத் தண்ணி வத்தக் கத்திக்கினு இருக்கேன், நீ எங்க பார்த்துக்கினு இருக்கே?"

கன்னியப்பன் சட்டென்று ஹரிகிருஷ்ணனைப் பார்த்தான். "பார்க்கறேன் சார்" என்றான். அடுத்த நொடியே அவன் கண் மறுபடியும் வேறெங்கோ போய்விட்டது. தலை மட்டும் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது.

காலங்காத்தாலேயே இப்படியா என்று ஹரிகிருஷ்ணனுக்கு எரிச்சலாக வந்தது. புதுச்சேரியில் ஒருவன் தலை ஆடினால் யாருக்கும் இரண்டாவது காரணம் தோன்றாது. அவருக்கும் தோன்றவில்லை.

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுகிற பஸ்களுக்கு அவர்தான் மேனேஜர். போன மாதம் அந்த டிரைவர்களில் ஒருவன், ஆள் ஏற்றப் போன இடத்தில், போனில் பேசிக்கொண்டே ஓட்டி, பிள்ளைச்சாவடியில் மீன் கூடையோடு ரோட்டைக் கடந்த தில்லையம்மாளை அடித்துவிட்டான். அந்த அம்மாவுக்கு ஒரு கால் போய்விட்டது.

தொழிற்சாலைக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எல்லா டிரைவருக்கும் சாலைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும், எல்லாரும் கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிற போட்டோ இன்று காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும், ஒரு ஆள் குறைந்தாலும் ஒப்பந்தம் ரத்து. வகுப்புக்கு வராதவன் இனிமேல் பஸ் சாவியைத் தொட முடியாது என்று ஹரிகிருஷ்ணன் நேற்றே அறிவித்துவிட்டார். ஒருத்தர் பாக்கியில்லாமல் ஆஜர்.

ஆஜராகி என்ன பிரயோசனம்? ஒருவன் வாயில் எதையோ அதக்கிக்கொண்டிருந்தான். ஒருவன் விட்ட கொட்டாவியில் உள்நாக்கு தெரிந்தது. இன்னொருவன் காதைக் குடைந்து, அந்த விரலை மோந்து வேறு பார்த்தான். ச்சீ, இதுகளை நம்பியா ஜனங்கள் பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்று அவருக்கு அருவருப்பாக இருந்தது.

விபத்து நடந்த இடத்தின் படத்தைக் காட்டினார். நசுங்கிய அலுமினியக் கூடை, ரோடெல்லாம் சிதறிய சங்கரா மீன், நடுவில் ரத்தம்.

"நல்லா பாருங்க. 'எங்க இருக்கே, சாப்டியா'ன்னு ஒரு போனு. அத எடுத்ததுக்கு ஒரு பொம்பளைக்குக் கால் போச்சு. வண்டி ஓட்டும்போது போனத் தொடறவன் டிரைவரே இல்ல. கொலகாரன்!"

கன்னியப்பன் படத்தைப் பார்த்தான். முகம் வெளிறிப்போனது. உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"பாக்க முடியலையோ தொரைக்கு? காலையிலயே ஊத்திக்கினியா? தலை ஏன்யா ஆடுது?"

"ஐயோ, நான் அதத் தொடறதே இல்ல சார்."

"அப்ப என் மூஞ்சியப் பார்த்துப் பேசறதுக்கு என்ன கேடு?"

பக்கத்து நாற்காலியில் இருந்த ஆபீஸ் பெண் நிர்மலா மெல்ல வாயைத் திறந்தாள். "சார், கன்னியப்பன் அண்ணனுக்கு இந்த நேரத்துல..."

"நீ வக்காலத்து வாங்காதம்மா. இவனுங்களுக்கு எந்த நேரமும் நேரம் இல்ல."

"இல்ல சார், சாயங்காலமா வெச்சிருக்கலாம்."

"பத்து மணிக்குள்ள போட்டோ போகணும். சாயங்காலம் வெச்சா எவன் ஒத்துக்குவான்? நீ போட்டோ எடுக்க ரெடியா இரு."

நிர்மலா போட்டோ எடுக்கத் தயாரானாள். சம்பளம் வாங்குகிறவள், வேறென்ன செய்வாள்?

"எல்லாரும் வலது கைய நேரா நீட்டுங்க. நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லணும். வண்டி ஓட்டும்போது..."

கைகள் வரிசையாக நீண்டன. அதக்கிக்கொண்டிருந்தவன்கூட வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு நீட்டினான். கன்னியப்பன் கை மட்டும் வரவில்லை.

"உனக்குத் தனியா வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா? கைய நீட்டுய்யா!"

"சார், வேணாம் சார்."

"வேணாமா? அப்ப நாளைக்கும் போன் பேசிக்கினே ஓட்டுவே, அப்படித்தான? இன்னொரு பொம்பள கால ஒடிப்பே, அப்படித்தான?"

"இல்ல சார்... ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க சார், நீட்டறேன்."

"அஞ்சு செகண்டு குடுக்க மாட்டேன். உன் ஒருத்தனால ஒப்பந்தம் போனா, இத்தன குடும்பத்து வயித்துலயும் மண்ணு. இப்ப கைய நீட்டறியா, இல்ல சாவிய மாத்து டிரைவர் வடிவேலு கையில குடுத்துட்டு வீட்டுக்குப் போறியா?"

கன்னியப்பனின் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அதை அவன் துடைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவன், இந்த வேலை போனால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது. ஒரு கையை நீட்டுவதற்கு ஒரு ஆண்பிள்ளை இவ்வளவு கெஞ்சுவானா என்று ஹரிகிருஷ்ணன் முகத்தைச் சுளித்தார்.

"கடைசியாக் கேக்கறேன். என்னைப் பார்த்துப் பதில் சொல்லு. கைய நீட்டுவியா, மாட்டியா?"

இந்த முறை கன்னியப்பன் கண்ணை அகற்றாமல் அவரையே நேராகப் பார்த்தான்.

"ஒரு கையில உங்க வீடியோ காலு சார்... இந்தக் கையையும் எடுத்துட்டா, ஸ்டீரிங்க யாரு சார் புடிக்கறது?"