பெல்ஜியம் பீரும் இரண்டு நல்லவர்களும்

முனிரத்தினம் குடியை விட்டு நூறு நாள் ஆகியிருந்தது. இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதாக அவன் மனைவி சிட்டம்மாள் அம்மன் முன்னால் சத்தியம் செய்திருந்தாள்.

அப்போது பார்த்து, ஏரிச் சேற்றில் சிக்கிய காரை அவன் தள்ளிவிட்டதற்கு நன்றியாக, பெல்ஜியம் நாட்டு இன்ஜினீயர் ஒரு பாட்டிலோடு வந்து நின்றார்.

"ஷாம்பெய்ன் மாதிரியே செஞ்ச பீருண்ணா. அவரு ஊரு சரக்கு!" என்றான் டிரைவர் பிரவீன்.

தக்கை டப்பென்று கூரையில் மோதியது. இரண்டு தம்ளர்களிலும் நுரை பொங்கியது. சிட்டம்மாள் முறுக்கு எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் இரண்டும் காலி.

"சூப்பரு!" என்றான் முனிரத்தினம். இன்ஜினீயரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

கார் கிளம்பியதும் சிட்டம்மாள் துணிப்பையை எடுத்தாள். "நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்யா."

"நான் எங்கடி குடிச்சேன்? வேணாம்னா அவரு மனசு நோவும். அந்தாண்ட திரும்பச்சொல்லோ மாட்டுத் தொட்டில ஊத்திட்டேன்."

இன்ஜினீயர் மறந்த தொப்பியை எடுக்கத் திரும்பி வந்த பிரவீன் அதைக் கேட்டு வாயைப் பிளந்தான்.

"நீயுமாண்ணா? அவரும் குடியை வுட்டு பத்து வருசமாச்சி. ஊரு ஆம்பளைங்களுக்கு இதான் புடிக்கும்னு நான்தான் எடுத்தாறச் சொன்னேன். உன் மனசு நோவக்கூடாதுன்னு அவரும் அதே தொட்டிலதான் ஊத்தினாராம்!"

சிட்டம்மாள் பையைக் கீழே வைத்து அம்மனைக் கும்பிட்டாள்.

கொட்டகையோரம் பசு, முருங்கை மரத்தைத் தன் கன்று என்று நினைத்து நக்கிக்கொண்டிருந்தது.