பூனைக்கு ஒரு வாசல்

காலங்காத்தாலே தகர வேலியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார் லாம் அங்கிள்.

அவர் வீட்டுக்கும் ஸ்யூ யின் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற வேலி அது. ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு முழம் நிற்கும். கேட்காமல் கொள்ளாமல் மனுஷர் அதன் அடியில் குந்திக்கொண்டு கறுக் கறுக்கென்று வெட்டுகிறார்!

ஸ்யூ யின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையல்கட்டிலிருந்து பார்த்தாள்.

இந்தப் புதுக்கம்பம் கிராமத்துக்கு வாழ வந்து இரண்டு வருஷம். யாரிடமும் அவள் வாய் திறந்ததில்லை. புருஷன் கியோங் கை ஓங்குகிற நாளில்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். ஓடலாம் என்றால் வாசலை மறித்து அவன் நிற்பான். பின்பக்கம் போனால் இந்த வேலி. அடியைவிட, சத்தம் வெளியே போய்விடுமோ என்கிற பயம்தான் அவளுக்குப் பெரிசு.

இப்போது வேலியிலேயே ஓட்டை!

'வேவு பார்க்கத்தான்' என்று நினைத்துக்கொண்டாள்.

லாரி எடுக்கக் கிளம்பிய கியோங்கும் பார்த்துவிட்டான்.

"என்ன அங்கிள், வேலியை வெட்டுறீங்க?"

"என் காசுல போட்ட தகரம்டா. பூனைக்கு வழி விடுறேன்."

"உங்க வீட்டுல மீனுதானே இருக்கு? பூனை ஏது?"

"வரும்."

"பூனைக்கா இவ்வளவு பெரிசு? பன்னிக்குட்டியே போகும் போலிருக்கே!" கியோங் சிரித்தான்.

அங்கிள் சிரிக்கவில்லை. "பெரிசாயிடுச்சோ? நீ கொஞ்சம் நுழைஞ்சு பாரேன்."

"நானா!"

"ஆமாண்டா. உன்னை மாதிரி தடியன் எவனாவது நுழைஞ்சான்னா என் லோஹான் மீனெல்லாம் என்ன ஆகுறது?"

கியோங் வேடிக்கையாகக் குனிந்து தலையை விட்டான். தலை போனது. தோள் போகவில்லை. கல் ஏற்றி ஏற்றி அகண்ட தோள். சாய்த்துப் பார்த்தான். ஒரு கையை முன்னால் விட்டுப் பார்த்தான். ம்ஹூம். தகரம்தான் முனகியது.

"இன்னும் கொஞ்சம் அழுத்து."

"யோவ் அங்கிள், கழுத்து அறுந்துடும்!"

"சரி, போதும். எழுந்திரு" என்றார் அங்கிள், பெரிய வேலை ஒன்று முடிந்துவிட்ட மாதிரி.

லாரி போனபிறகு குறடை எடுத்துத் தகரத்தின் முனைகளை மடக்கித் தட்டினார். பழைய ரப்பர் குழாயை நீளமாகக் கீறி, ஓட்டையைச் சுற்றிலும் செருகினார்.

'பூனைக்கு மெத்தை வேறயா!' ஸ்யூ யின்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் ஒன்பது மணிக்கு அங்கேதான் வேலைக்குப் போயாக வேண்டும். லாம் வீட்டுக் கொட்டகையில் முப்பது கண்ணாடித் தொட்டி. தண்ணீர் மாற்றுவது அவள் வேலை. குழந்தையையும் தூக்கிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போனாள்.

லாம் ஆன்ட்டி மீன்களுக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். இந்த வெயிலில் ஸ்யூ யின் போட்டிருந்த நீளக்கைச் சட்டையை ஒரு பார்வை பார்த்தாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மூலைத் தொட்டியில் தண்ணீர் சளார் என்று அடித்தது.

நெற்றி புடைத்த ஆண் லோஹான், ஜோடிக்காக விட்ட பெட்டையைத் துரத்தித் துரத்திக் கடிக்கிறது. பெட்டையின் வால் ஏற்கெனவே கிழிந்து தொங்குகிறது.

"ஆன்ட்டி! கொன்னுடும் ஆன்ட்டி!"

வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள் ஸ்யூ யின். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"பொறு. தொட்டி நடுவுல பாரு."

நடுவில் ஒரு பிளாஸ்டிக் தட்டி. அதில் வட்டமாக ஓர் ஓட்டை. பெட்டை சட்டென்று திரும்பி அதற்குள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பின்னாலேயே பாய்ந்த ஆணுக்கு நெற்றி இடித்தது. மறுபடி பாய்ந்தது. மறுபடி இடித்தது.

அந்தப் பக்கம் பெட்டை, செவுள் துடிக்கத் துடிக்க நின்றுகொண்டிருந்தது.

ஸ்யூ யின்னுக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

"இந்தச் சண்டாளனை வேற தொட்டிக்கு மாத்திடலாமில்ல ஆன்ட்டி?"

"மாத்தலாம், மாத்தணும். வலையை எடுத்துட்டு நாங்க வர்றதுக்குள்ள அவ செத்துட்டா? மொதல்ல அவ உசிரோட இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்."

"ஓட்டை எவ்வளவு பெரிசா இருக்கணும்னு எப்படித் தெரியும்?"

"ஆணை வச்சு அளந்து பாத்துதான். எப்படித் திரும்பினாலும் அவன் மாட்டிக்கணும்."

ஆன்ட்டி இறால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். குழந்தையை ஸ்யூ யின் கையில் கொடுத்தாள். அவள் சட்டைக் கையை மெதுவாக இழுத்து, விலகித் தெரிந்த கன்றிப்போன இடத்தை மூடிவிட்டாள்.

"கொட்டகைக்கு உள்தாழ்ப்பாள் போட்டாச்சு. ஒரு கட்டிலும் போட்டாச்சு" என்றாள், வேலிப் பக்கம் நடந்துகொண்டே.

ஸ்யூ யின் ஒன்றும் விளங்காமல் பின்னாலேயே போனாள்.

"காலையில அவனை அளந்தாச்சு. இப்ப நீ புள்ளையோட ஒரு தடவை நுழைஞ்சு பாரு, கண்ணு."