பொதுமக்கள் பார்வைக்கு

"அதை எதுக்கு சார் மூட்டை கட்டுறீங்க?"

தையல்கடைக்காரி நுழைந்த வேகத்தில் நூலகத்தின் கதவு சுவரில் இடித்துத் திரும்பியது.

நூலகர் நிமிரவே இல்லை. பச்சை அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்றைச் சணல் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தார். அட்டையில் இருப்பது அவளுக்கு மனப்பாடம்: அணைத் திறப்பு விசாரணை அறிக்கை.

"மேலிடத்து உத்தரவும்மா. திருப்பி வாங்கிக்கிறாங்க."

"யாரு?"

"நான்தான். என்ன இப்போ?" என்றார், எதிரே கால் மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்த அதிகாரி.

"முன்னறிவிப்பே இல்லாம ராத்திரியில மதகைத் திறந்துட்டாங்கன்னு அதுல அச்சடிச்சிருக்கு சார். என் புருஷன் தண்ணியோட போனதுக்கு அவரோட அஜாக்கிரதைதான் காரணம்னு கோர்ட்ல கூசாம சொல்றாங்க. நாளைக்கு வக்கீல் அந்தப் பக்கத்தைக் காட்டணும்."

"அதெல்லாம் தப்பான தகவல். எல்லா நூலகத்துலயும் வாங்கியாச்சு. இதுதான் கடைசி. சாயந்தரம் காகித ஆலையில அரைச்சுக் கூழாக்கிடுவாங்க."

அவள் நூலகர் பக்கம் திரும்பினாள்.

"போன வாரமே நகல் கேட்டேனே! மிஷின் ரிப்பேர், அப்புறம் வான்னு இழுத்தடிச்சது இதுக்குத்தானா?"

அவர் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார்.

அவள் சுவரைக் காட்டினாள். "அரசு வெளியீடுகள், பொதுமக்கள் பார்வைக்குன்னு பலகை தொங்குதே! அரசாங்கம் எதை அச்சடிச்சாலும் ஒண்ணு இங்கே வரணும், யார் கேட்டாலும் காட்டணும்னு அந்தக் காலத்துலயே சட்டம் போட்டு மாட்டினது. பொதுமக்கள்னா யாரு? நான் இல்லையா?"

"அந்தப் பலகையையும் கழட்டிடுங்க" என்றார் அதிகாரி.

"ஆகட்டும் சார்."

"ஆகட்டும் சாரா? யோவ், உனக்கெல்லாம் முதுகெலும்புன்னு ஒண்ணு இருக்கா?"

அதிகாரி அட்டையைப் பார்த்தார், ஒட்டியிருந்த எண்ணைச் சரிபார்த்தார், எழுந்தார். கட்டை நூலகரே சுமந்துபோய் ஜீப்பில் வைத்தார். கதவை வேறு சாத்திவிட்டார். வண்டி தெருமுனை திரும்பும்வரை அப்படி ஒரு கும்பிடு!

திரும்பி வந்தவரை அவள் மறித்துக்கொண்டாள்.

"நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

அவர் அலமாரிக்குப் போனார். அதே தடிமனில் ஒரு சிவப்புப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். 'அமைச்சரின் பொன்னுரைகள்.' வந்த நாளிலிருந்து ஒருத்தரும் இரவல் கேட்காத புத்தகம்.

"உட்கார்ந்து இதைப் படிங்கம்மா. மனசு ஆறும்."

அமைச்சர்! செத்தவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து, 'இயற்கையை யாரால தடுக்க முடியும்?' என்று கேட்டுவிட்டுப் போன அதே மனுஷன்! நூலகர் மூஞ்சியிலேயே வீசிவிடுவது என்று புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

அட்டை ஈரமாக இருந்தது. பசை விரலில் ஒட்டியது. உதறியதில் நடுப்பக்கம் விரிந்தது.

'...கரையோர மக்களுக்கு முன்னறிவிப்பு ஏதுமின்றி மதகுகள் திறக்கப்பட்டன...'

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"மெதுவா, பசை இன்னும் காயலை" என்றார் நூலகர். "மிஷின் காலையில சரியாயிடுச்சு. வாங்க, எத்தனை நகல் வேணுமோ எடுத்துக்கலாம். நூலக முத்திரையும் குத்தித் தர்றேன்."

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ... ஜீப்புல போனது?"

"அமைச்சர் பேசினது பூராவும்." அவர் பல்லைக் கடித்தார். "நல்லா அரைக்கட்டும்!"