உள்பக்கம் மடித்த கறை

பழைய துணிச் சந்தையின் தகரக் கூரைக்குக் கீழே, நடுப்பகல் வெக்கையில், கடைக்காரி மூட்டையின் இரும்புப் பட்டையை வெட்டுகிறாள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பழந்துணி மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல், கட்டியபடியேதான் வாங்க வேண்டும். 'குழந்தைகள் உடை' என்று மேலே ஒட்டியிருக்கிறது. பட்டை அறுந்ததும் அமுங்கிக் கிடந்த துணிகள் பிதுங்கி வழிகின்றன. ஈரமும் பூஞ்சையும் கலந்த நாற்றம் முகத்தில் அடிக்கிறது. அவளும் நாத்தனாரும் மண்டியிட்டுப் பிரிக்கிறார்கள். பனிக்காலக் கோட்டுகள், ஒற்றைக் காலுறைகள், வாந்தி காய்ந்த ஒரு போர்வை. "தர்மத்துக்குக் குடுத்தது அண்ணி. நல்ல மனசோடதான் குடுத்திருப்பாங்க" என்கிறாள் நாத்தனார். "நல்ல மனசு இருந்தா தொவச்சுல்ல குடுத்திருப்பாங்க." கடைக்காரி தலை நிமிராமலே சொல்கிறாள். தேறாததெல்லாம் சந்தைக்குப் பின்னால் வாய்க்காலை அடைத்துக் கிடக்கும் துணிமேட்டுக்குத்தான் போகும். அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு குழந்தைச் சட்டை கிடைக்கிறது. நெஞ்சில் மட்டும் பழுப்புக் கறை. கடைக்காரி அதைத் தொடையில் வைத்து நீவி, கறை உள்ளே போகும்படி மடித்து, பலகையின் முன்வரிசையில் வைக்கிறாள். நிறைமாதக்காரி ஒருத்தி வந்து நிற்கிறாள். சட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். "கறை கிறை ஒண்ணும் இல்லியே அக்கா?" "பச்சப் புள்ளைக்கு அப்படிக் குடுப்பேனா, கண்ணு?" வந்தவள் சிரித்தபடி, பிரிக்காமலே அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறாள். நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. குவியலுக்குள் கையை விட்டு இன்னொரு குட்டிச் சட்டையை உருவுகிறாள். எங்கே மடித்தால் அதன் கறை மறையும் என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள்.